வந்தவர்களின் நாடும் வருகின்றவர்களும்

தோட்டத்தில் காலைப் பிரட்டின்போது பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறிக்கிறோம். நாடுகளும் பத்தாண்டுக்கு ஒரு முறை தம் மக்களை எண்ணி ஏட்டில் எழுதிக்கொள்கின்றன. சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அங்கே நிலையாக வாழும் மக்களில் நூற்றுக்கு 74 பேர் சீனர்; ஏறத்தாழ 13 பேர் மலாய்க்காரர்; 9 பேர் இந்தியர்; எஞ்சியோர் பிற இனத்தார். பல இனம் கூடி ஒரு நாடாக வாழ்கிறது என்பது அந்தக் கணக்குக்குச் சொல்லப்படும் விளக்கம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தத் தீவில் இருப்போரில் பத்துக்கு மூவர் இந்த இனக் கணக்கில் சேராதவர்கள் என்பதைப் பாட்டாளி மக்கள் கவனிக்க வேண்டும். அவர்கள் யார்? அவர்களுக்கும் நமக்கும் என்ன உறவு?

முதலில் பழைய கணக்கைப் பார்ப்போம். 1819இல் ராஃபிள்ஸ் அங்கே கால் வைத்தபோது தெமெங்கோங்கின் மலாய் மக்களும், படகிலேயே வாழ்ந்த கடல் மக்களும், சில சீனத் தோட்டக்காரர்களுமே இருந்தனர். 1824இல் எண்ணியபோது மொத்தம் 10,683 பேர். அவருள் மலாய்க்காரர் 4,580, சீனர் 3,317, பூகிஸ் மக்கள் 1,925, இந்தியர் 756. ராஃபிள்சோடு கப்பலேறிப் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை செங்கல் சூளை போட்டார். மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார். 1825 முதல் இந்தியக் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானா மாளிகையும் அவர்கள் கையால் எழுந்தவை. வணிகனும் வந்தான், விலங்கு பூட்டியவனும் வந்தான். இருவரும் சேர்ந்துதான் நகரம் எழுந்தது.

நாம் சோறு உண்ணும் பால்மரமும் வந்து குடியேறியதுதான். பிரேசில் காட்டு மரத்தின் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் பூமலைத் தோட்டத்துக்கு வந்தன. ரிட்லி என்பவர் மரம் சாகாமல் பால் எடுக்கும் வெட்டு முறையைக் கண்டார். பிறகு மலாயா முழுவதும் காடு அழிந்து ரப்பர் நின்றது. இன்று தொழிற்சாலைப் புகை எழும் ஜூரோங்கும் அப்போது ரப்பர் பூமியே. சியூ பூன் லே என்ற சீனர் அங்கே முதலில் காம்பீர் பயிரிட்டார். பின்னர் ரப்பர் நட்டார். அவர் பெயரை அந்த வட்டாரம் இன்றும் தாங்கி நிற்கிறது.

மரம் வந்தது, மரம் வெட்ட ஆள் வேண்டாமா? ஒப்பந்தக் கூலி முறையில் நம் முன்னோர் வந்தனர். கப்பல் கூலியே முதல் கடனாக அவர்கள் தலையில் ஏறியது. அந்த முறைக்கு 1910இல் முற்றுப்புள்ளி வைத்தனர். கங்காணி முறை மேலும் நீடித்தது. 1938இல் இந்திய அரசாங்கமே உதவிப் பணத்தில் ஆள் அனுப்புவதைத் தடுத்து நிறுத்தியது. கப்பலில் நோய் கண்டால் செயிண்ட் ஜான்ஸ் தீவில் அடைத்து வைத்தார்கள். வந்தவர்களில் எவரும் இங்கே தங்கப்போகிறோம் என்று நினைத்து வரவில்லை. மூன்று வருஷம் உழைத்து, கடனைத் தீர்த்து, காணி வாங்கத் திரும்புவோம் என்றே வந்தார்கள். ஆனால் பிள்ளை பிறந்தது, கோயில் எழுந்தது, தமிழ்ப் பள்ளி நடந்தது. வந்த மண் சொந்த மண்ணாயிற்று.

அப்படி ஊன்றியவர்களை அரசுகள் எப்படி நடத்தின? இலங்கையில் 1948இல் தேயிலைத் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1964 ஒப்பந்தத்தில் இரு பிரதமர்கள் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கு போட்டுக்கொண்டனர். மலேசியாவில் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமாயிற்று. தோட்டத்துக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் மூட்டை கட்டி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேறின. சிங்கப்பூரிலோ 1957ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், அங்கே பிறந்தவர்களோடு நெடுங்காலம் வாழ்ந்து உழைத்து விசுவாசப் பிரமாணம் எடுத்தவர்களுக்கும் கதவைத் திறந்தது. குடியுரிமை எடுங்கள் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழரை ஓயாமல் வற்புறுத்தினார். மலாக்காவில் ஒரு ரப்பர் தோட்டக் கிராணியின் மகனாகப் பிறந்த தேவன் நாயர், தொழிற்சங்கத் தலைவராகி 1981இல் அந்நாட்டின் அதிபரானார். கதவு திறந்திருந்தால் கிராணி மகனும் நாட்டின் உச்சிக்குப் போகலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இப்போது ஜூரோங்குக்கு வருவோம். 1961இல் சதுப்பையும் குன்றையும் சமன் செய்து தொழிற்பேட்டை தொடங்கினார்கள். 1962 செப்டம்பரில் இரும்பாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். யாரும் வரமாட்டார்கள் என்று சிரித்தவர்கள் உண்டு. ஆலைகள் வந்தன, கப்பல் பட்டறைகள் வந்தன, அவற்றுக்கு ஆளும் வந்தார்கள். ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் பலர் பாலம் கடந்து அங்கே போகிறார்கள். 1998இல் துவாசில் இரண்டாம் பாலமும் திறந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கிறார்கள். 2024 ஜூன் மாதக் கணக்குப்படி சிங்கப்பூரில் இருப்போர் 60.4 இலட்சம் பேர், அவருள் 18.6 இலட்சம் பேர் குடிமக்களுமல்லர், நிரந்தரவாசிகளுமல்லர்.

வேலைப் பெர்மிட்டில் வருகிறவனின் நிலை என்ன? ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுக்கக் கடன் வாங்குகிறான். கடன் தீரும் வரை முதலாளியை எதிர்த்துப் பேச வாயில்லை. பெர்மிட் ரத்தானால் கடனோடு வீடு திரும்ப வேண்டும். மனைவி மக்களை அழைத்துவர முடியாது. அங்கேயே திருமணம் செய்ய அரசின் அனுமதி வேண்டும். லாரியின் பின்புறத்தில் ஏறி வேலைக்குப் போகிறான். 2020இல் தொற்று நோய் வந்தபோது, ஏப்ரல் 5ஆம் தேதி முதலில் தனிமைப்படுத்தப்பட்ட இரண்டு விடுதிகளில் ஒன்று ஜூரோங் கிழக்கில் தோ குவானில் இருந்தது. ஓர் அறையில் பலர் படுத்திருந்த இடத்தில் நோய் பரவியதில் வியப்பென்ன? அவ்வாண்டு முடிவதற்குள் விடுதித் தொழிலாளரில் ஏறத்தாழப் பாதிப் பேரை அது தொட்டுவிட்டது. செயிண்ட் ஜான்ஸ் தீவின் கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதாகப் படாது.

“அவர்கள் தெரிந்தே வருகிறார்கள், சில வருஷத்தில் போய்விடுவார்கள்” என்று சிலர் சொல்லுவார்கள். நம் பாட்டனைப் பற்றித் துரைமார் சொன்னதும் இதுதான். “அவர்கள் வந்ததால் நம் கூலி குறைகிறது” என்று நம்மவர்களே சொல்வதும் காதில் விழுகிறது. கூலியைக் குறைப்பவன் வந்தவன் அல்லன். அவன் வாயடைத்து நிற்பதைப் பயன்படுத்திக்கொள்பவனே குறைக்கிறான். வந்தவனுக்கும் பேச உரிமை கிடைத்தால் யாருடைய கூலியையும் குறைக்க முடியாது. தொழிற்சங்கம் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இதுவன்றோ?

நல்ல காரியங்கள் நடக்காமல் இல்லை. 2009இல் அங்குள்ள தொழிற்சங்கக் காங்கிரசும் முதலாளிகள் சம்மேளனமும் கூடி வெளிநாட்டுத் தொழிலாளர்க்கு ஒரு நிலையம் அமைத்தன. ஒருவர் இத்தனை ஆண்டுதான் வேலை செய்யலாம் என்ற உச்ச வரம்பு 2025 ஜூலையில் நீங்கியது. வரவேற்கிறோம். ஆயினும் இருபது ஆண்டு உழைத்தாலும் அதே பெர்மிட்டில் விருந்தாளியாகவே நிற்க வேண்டுமென்பது, 1957இல் கதவைத் திறந்த நாட்டுக்கு அழகன்று.

எனவே நாம் கேட்பது இவை. ஆள் சேர்க்கும் செலவை ஆள் கேட்ட முதலாளியே ஏற்க வேண்டும். சாமான் ஏற்றும் லாரியில் மனிதரை ஏற்றுவது நிற்க வேண்டும். நீண்ட காலம் உழைத்தவர்க்கு அங்கே நிலைத்து வாழ ஒரு வழி திறக்க வேண்டும். சங்கங்கள் அவர்களைத் தேடிச் சென்று உறுப்பினராக்க வேண்டும்.

பிறரைக் கேட்குமுன் நம் வாசலையும் பார்ப்போம், தோழர்களே! நம் தோட்டங்களின் லயங்களிலும் இன்று இந்தோனேசியரும் வங்காள தேசத்தவரும் குடியிருக்கிறார்கள். கிராணிமார்களே, அவர்கள் பெயரையும் பிழையின்றி எழுதுங்கள். அவர்கள் பே நாளில் ஏன் பணம் பிடித்தார்கள் என்று கேட்டால் நின்று விளக்குங்கள். பால்வெட்டுத் தோழர்களே, பக்கத்து நிரையில் வெட்டுகிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சங்கக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். நம் பாட்டனுக்கு அன்று அப்படி ஒருவரும் இல்லை. இவனுக்கு நாம் இருப்போம்.