மீனை விழுங்கலாம், மருந்தை உறிஞ்சக் கூடாதா?

ஹைதராபாத் நாம்பள்ளி மைதானத்துப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். குழந்தையின் மூக்கைப் பிடித்து, வாயைத் திறக்கவைத்து, மஞ்சள் பசை தடவிய உயிருள்ள விரால் குஞ்சைத் தொண்டைக்குள் தள்ளுகிறார்கள். பிள்ளை திமிறுகிறது, அம்மா கும்பிடுகிறாள். ஆஸ்துமா போய்விடுமாம்!

1845 முதல் பரம்பரையாகக் கொடுத்துவருவதாக பாத்தினி கவுடு குடும்பத்தார் சொல்கிறார்கள். பசையில் என்ன இருக்கிறது என்பது பரம ரகசியம். அறிவியல் இயக்கத்தினர் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் ‘மீன் மருந்து’, ‘மீன் பிரசாதம்’ ஆகிவிட்டது. மருந்து என்றால் சோதனைக்கூடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். பிரசாதத்தை யார் சோதிப்பது? விரால் துள்ளிக்கொண்டு போய்ச் சளியை வழித்து எடுக்கும் என்பது அவர்கள் விளக்கம். ஐயா, விழுங்கிய மீன் போவது இரைப்பைக்கு. மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் அந்தக் குழந்தைக்கு அன்றே காரியம். சைவர்களுக்கு மீனுக்குப் பதில் வெல்லமாம். வெல்லம் எங்கே போய்த் துள்ளும்?

போகட்டும். அந்தக் குடும்பம் மருந்துக்குக் காசு வாங்குவதில்லை. சனங்கள் நம்பி வருகிறார்கள். நமக்கு எரிச்சல் வேறு இடத்தில். உயிர்மீனை யோசிக்காமல் பிள்ளை வாயில் போடத் துணிகிற நம் ஆட்கள், டாக்டர் ஒரு இன்ஹேலரை எடுத்து நீட்டினால் நடுங்குகிறார்கள். “பழகிப்போயிடும் டாக்டர், மாத்திரையா எழுதிக் கொடுங்க!” இந்த வசனம் கேட்காத கிளினிக் தமிழ்நாட்டில் உண்டா? மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அந்த இன்ஹேலர் பீரோவில் புடவைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. மாடிப்படி ஏறி மூச்சு வாங்குகிற பெண் அதைத் தேடி எடுப்பதற்குள் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை.

கணக்கைக் கேளுங்கள். தினசரி உறிஞ்சும் ஸ்டீராய்டு ஒரு தடவைக்கு 100, 200 மைக்ரோகிராம். அதுவும் நேரே நுரையீரலுக்கு. நீங்கள் கேட்டு வாங்குகிற ஸ்டீராய்டு மாத்திரையோ மில்லிகிராம் கணக்கு. ஒரு மில்லிகிராம் என்றால் 1000 மைக்ரோகிராம். அது ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகிறது. மாதக்கணக்கில் தின்றால் முகம் வீங்கும், எலும்பு தேயும், பிள்ளையின் வளர்த்தி குறையும். பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், பயப்படத் தேவையில்லாததற்குப் பயப்படுகிறோம்.

“இயற்கையானது போதும், கெமிக்கல் வேண்டாம்” என்கிறார்கள். சரி, இயற்கைக்கே வருவோம். ஊமத்தையைப் புகைத்து இழுப்பைத் தணிக்கும் வைத்தியம் நம் மதராஸில் இருந்தது. 1802-ல் ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி அதை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். வெள்ளைக்காரர்கள் ‘ஆஸ்துமா சிகரெட்’ சுருட்டி விற்றார்கள். ஊமத்தைக்குள் இருக்கும் அட்ரோப்பினைப் பிரித்து, திருத்தி, நஞ்சைக் குறைத்து உருவாக்கியதுதான் இப்ராட்ரோப்பியம். அரசு ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறி வருகிறவருக்கு நெபுலைசரில் ஊற்றுகிறார்களே, அதேதான். ஆடாதோடையில் இருக்கும் வாசிசினைப் பார்த்துச் செய்ததுதான் இருமல் சிரப்பில் வரும் ப்ரோம்ஹெக்ஸின். நீங்கள் ‘கெமிக்கல்’ என்று ஒதுக்குவது பாட்டி வைத்தியத்தின் பேரன்தான், அளவு தெரிந்த பேரன். (இதைப் படித்துவிட்டு யாரும் ஊமத்தங்காய் பறிக்கக் கிளம்ப வேண்டாம். உயிர் போகும்.)

மூச்சை விட்டுத் தோலுக்கு வருவோம். அரிப்பெடுக்கும் கரப்பான் நோய்க்குத் தேங்காய் எண்ணெய் நல்லது. இதில் பாட்டி பக்கம்தான் நாம். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, ஈரம் காயும் முன் தடவிவிட வேண்டும். வறண்ட தோலுக்குக் காவல் அது. தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை நல்ல வெந்நீரில் துவையுங்கள், தூசிப் பூச்சி சாகும். மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், படபடப்பு குறையும். ஆனால் இன்ஹேலரைத் தூக்கி எறிந்துவிட்டுச் செய்யாதீர்கள்.

‘நூறு சதம் மூலிகை’ என்று விற்கிற களிம்பை வாங்குமுன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தோல் நோய்க்கு விற்கப்பட்ட 11 சீன மூலிகைக் களிம்புகளை 1999-ல் லண்டன் மருத்துவர்கள் சோதித்தார்கள். 8-ல் டெக்ஸாமெத்தசோன் இருந்தது. ஸ்டீராய்டேதான்! இரண்டு நாளில் அரிப்பு மாயமாக மறைவதன் மர்மம் அதுதான்.

அலர்ஜிக்கு எல்லாவற்றிலும் பெரிய இயற்கை வைத்தியம் சுத்தமான காற்று. அதற்கு யாரும் வரிசையில் நிற்பதில்லை. வீசிங் பிள்ளை இருக்கிற வீட்டில் கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. சாம்பிராணியைச் சொன்னதற்குக் கண்டனக் கடிதங்கள் வரும், வரட்டும். புகை எதுவானாலும் அந்தப் பிள்ளையின் நெஞ்சுக்குப் புகைதான். தெருமுனைக்குப் போனால் பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் குப்பை கொளுத்துகிறார்கள், பள்ளிக்கூட மதிலை ஒட்டியே கொளுத்துகிறார்கள். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. 2018 போகிப் புகையில் சென்னையில் இறங்க வேண்டிய விமானங்கள் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன. விமானத்தைத் திருப்பிவிடலாம். அன்று காலை வியாசர்பாடியில் விழித்த ஆஸ்துமாக்காரரை எங்கே திருப்பிவிடுவது?

குப்பை எரிப்பவருக்கு அபராதம் என்று சட்டம் இருக்கிறது. உங்கள் தெருவில் யாராவது கட்டியதாகக் கேள்விப்பட்டதுண்டா? போகிக்குச் சில நாள் முன்பு மாநகராட்சி விழித்துக்கொண்டு, பழைய டயர்களை எங்களிடம் கொடுங்கள் என்று அறிவிக்கிறது. அடுத்த போகி வரை ஏன் காத்திருக்க வேண்டும்? பஞ்சர் கடைகளுக்கு இப்போதே வண்டி அனுப்பலாமே, கமிஷனர் சார்?