கடல் கொண்ட வயலுக்குக் கூலி யார் தருவது?

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமைக் காலையை இத்தீவுகளில் வாழும் தமிழர் எவரும் மறந்திருக்க முடியாது. பேரலை வந்தது; போனது. ஆனால் தென் அந்தமானின் வயல்களை விட்டுக் கடல் போகவில்லை. அன்றைய நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரம் வட்டாரத்து நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. சிப்பிகாட் போன்ற ஊர்களில் நெல் விளைந்த வயல்களில் உப்புநீர் ஏறி நின்றது. இருபது ஆண்டுகள் கடந்தும் அவற்றில் பல மீண்டும் வயலாகவில்லை.

மனிதன் கைவிட்ட நிலத்தை இயற்கை கைவிடவில்லை. நீரோட்டம் தடைபடாத இடங்களில் அலையோடு மிதந்து வந்த கண்டல் விதைகள் சேற்றில் ஊன்றி முளைத்தன. மீன்குஞ்சும் இறாலும் நண்டும் வளரும் இடமாக, பறவைகள் இறங்கும் சதுப்பாக அந்த நிலம் மாறத் தொடங்கியது. அதே நாளில் வடக்கு அந்தமானில் நிலம் உயர்ந்தது. ஓதம் எட்டாமல் அங்கே அலையாத்திக் காடுகள் பட்டுப்போயின. வடக்கில் இழந்ததைத் தெற்கில் ஈடுசெய்ய இயற்கையே முன்வந்திருக்கிறது என்றுதான் நாம் சொல்வோம்.

ஆனால் அந்தச் சதுப்பு பதிவேட்டில் இன்னமும் ஒருவருடைய வயல்! அவர் நிலையை எண்ணிப் பாருங்கள். நெல் விளையாது. கண்டல் அடர்ந்துவிட்டாலோ, கடற்கரை ஒழுங்குமுறை விதிகளின் மிகக் கடுமையான காப்புக்குள் அந்த நிலம் வந்துவிடும். வீடு கட்ட முடியாது, மண் கொட்ட முடியாது. நட்டக் கணக்குப் பார்க்கும் நிலக்காரர் என்ன செய்வார்? முளைத்த செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மனை விலை ஏறும் நாளுக்காகக் காத்திருப்பார். காட்டை வளர்ப்பவனுக்கு இழப்பு, அழிப்பவனுக்கு ஆதாயம் என்ற நிலையை வைத்துக்கொண்டு, இயற்கையைக் காப்போம் என்று சுவரில் எழுதி என்ன பயன்?

இந்தக் காடு நிலக்காரருக்கு மட்டும் சொந்தமான நன்மையா? இல்லை. மீன்பிடிப்பவருக்கு மீன் தருகிறது. கரையை அரிப்பிலிருந்து காக்கிறது. கடலூர் மாவட்டத்தில் மரங்கள் அடர்ந்த கரைக்குப் பின்னால் இருந்த ஊர்களில் ஆழிப்பேரலையின் சேதம் குறைவாக இருந்ததை 2005இல் வெளிவந்த ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. நன்மை ஊருக்கு, நட்டம் ஒருவருக்கு என்பது நியாயமாகாது. ஊருக்கான நன்மைக்கு அரசே விலை கொடுக்க வேண்டும்.

இது நடவாத காரியமும் அல்ல. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு வேளாண் சட்டம், வடித்து வயலாக்கிய சதுப்பை மீண்டும் சதுப்பாக்கும் விவசாயிக்குப் பணம் தர வழிசெய்தது. நிலம் அவர் பெயரிலேயே இருக்கும். அதை மீண்டும் உழுவதில்லை என்ற உறுதிக்கே பணம். நம் நாட்டிலும் 2023 பட்ஜெட்டில் மிஷ்டி என்ற அலையாத்தித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 9 மாநிலங்கள், 4 யூனியன் பிரதேசங்களில் சுமார் 540 சதுர கிலோமீட்டர் என்பது குறி. நோக்கம் நல்லதே. ஆனால் கடல் கொண்ட வயலின் சொந்தக்காரருக்கு ஆண்டுதோறும் இவ்வளவு என்ற பேச்சு அந்த அறிவிப்பில் இல்லை. 2021 வன அறிக்கையின்படி தமிழ்நாடு முழுவதிலும் 45 சதுர கிலோமீட்டர் அலையாத்திக் காடு, இத்தீவுகளில் 616. இவ்வளவு செல்வமுள்ள இடத்தில் தொடங்காமல் வேறெங்கே தொடங்குவது?

இங்கே நம்மவர்க்கு ஒரு வார்த்தை. நம்மில் நிலமுள்ளவர் சிலர். கூலிக்கு உழைப்பவர் பலர். வயல் மூழ்கியபோது பட்டாக்காரருக்கு நிலம் போயிற்று. நாற்று நட்டவருக்கும் வாரத்துக்கு உழுதவருக்கும் பிழைப்பே போயிற்று. பதிவேட்டில் பெயருள்ளவரிடம் மட்டும் பணம் போய்ச் சேருமானால், அந்த உதவியும் பாதி நியாயம்தான். சதுப்பை மீட்பது மண்வெட்டி வேலை. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் உள்ளே வந்துபோக வழிசெய்துதான் பட்டுப்போன காடுகளை மீட்டார்கள். அந்த வேலை நம் கைகளுக்குப் புதிதல்ல.

எனவே நாம் கேட்பவை இவை:

1. கரையும் மதகும் கட்டி மீட்கக்கூடிய வயலை மீட்டுத் தருக. மீட்க முடியாததைச் சதுப்பாக விடும் நிலக்காரருக்கு ஆண்டுதோறும் வாடகை தருக. ஒருமுறை தரும் நிவாரணம் ஒரு கல்யாணச் செலவோடு தீர்ந்துவிடும்.

2. சதுப்பாக விட்டதைக் காரணம் காட்டி அவருடைய நில உரிமை பறிக்கப்படாது என எழுத்தில் உறுதி தருக.

3. நட்ட கன்றுகளை எண்ணிப் பணம் தராதீர்கள். மூன்றாண்டுக்குப் பின் உயிரோடு நிற்பவற்றை எண்ணித் தாருங்கள். ஓதம் எட்டாத இடத்தில் ஆயிரம் நட்டாலும் அத்தனையும் விறகு.

4. வாய்க்கால் வெட்டும் வேலையும் காவல் வேலையும் அந்தந்த ஊர் உழைப்பாளிக்கே. பட்டா உண்டா என்று அவரைக் கேட்காதீர்கள். கூலியை நேரே அவர் கையில் கொடுங்கள்.

பஞ்சாயத்துக் கூட்டம் கூடும்போது நிலமுள்ளவரும் இல்லாதவரும் ஒன்றாகப் போய் இந்த நான்கையும் கேட்போம். தனித்தனியே கேட்டால், ஒருவரைக் காட்டி மற்றவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.