இழுப்பறையில் கிடக்கும் மீட்பு வட்டு

சர்வர் அறையில் ஏதாவது ஓர் இழுப்பறையைத் திறந்தால் மீட்பு வட்டு ஒன்று கிடைக்கும். மார்க்கரில் நாப்பிக்ஸ் என்று எழுதிய பழைய சிடியாக இருக்கலாம், சிஸ்டம்ரெஸ்க்யூ ஏற்றிய பென்டிரைவாகவும் இருக்கலாம். அது இருக்கிறது என்பதே நமக்கு ஒரு தெம்பு. அந்தத் தெம்பை இப்போது சோதித்துப் பார்த்தாக வேண்டும்.

2024 ஆகஸ்ட்டில் விண்டோஸுக்கு வந்த மாதாந்தர அப்டேட், ஓட்டையுள்ள பழைய பூட்லோடர்களைத் தடுக்கும் எஸ்பேட் விதியை ஃபர்ம்வேரின் நினைவகத்தில் எழுதிவைத்தது. லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினிகளை அது தொடாது என்றுதான் மைக்ரோசாப்ட் சொல்லியிருந்தது. தொட்டது. பலருக்கு லினக்ஸ் எழவில்லை. மீட்பு வட்டைப் போட்டால் அதிலிருந்த ஷிம் என்ற பூட்லோடரும் பழசு என்பதால் அதையும் செக்யூர் பூட் உள்ளே விடவில்லை. செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய், மோக்யூட்டில் கட்டளையால் அந்த விதியை நீக்கி, ரீபூட் செய்த பிறகு மறுபடி செக்யூர் பூட்டைப் போட வேண்டியிருந்தது. ஃபர்ம்வேர் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறதென்று தெரியாவிட்டால் இந்த வழியும் அடைப்புதான்.

வட்டு கைகொடுத்த கதையும் உண்டு. 2020 ஜூலை இறுதியில், க்ரப் பூட்லோடரிலிருந்த பூட்ஹோல் என்ற ஓட்டையை அடைக்க ரெட்ஹேட் வெளியிட்ட அப்டேட்டைப் போட்ட சர்வர்கள் பல ரீபூட்டில் படுத்துவிட்டன. டேட்டாவுக்குச் சேதமில்லை. இன்ஸ்டால் டிஸ்க்கில் ரெஸ்க்யூ முறையில் பூட் செய்து, சிரூட் அடித்து, ஷிம், க்ரப் பேக்கேஜ்களை முந்தைய வெர்ஷனுக்கு இறக்கினால் தீர்ந்தது. ஓஎஸ்ஸை முழுதாக மறுபடி ஏற்றும் அவசரம் நம்மில் பலருக்கு உண்டு. அது பெரும்பாலும் வீண்வேலை.

சிரூட்டில் கால் இடறும் இடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் செய்துவிட்டு, ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை ஏற்ற மறந்துவிடுகிறோம். பேக்கேஜ் மேனேஜர் எல்லாம் சரி என்றே முடிக்கும். ஆனால் ஷிம் கோப்புகள் ரூட் பார்ட்டிஷனிலேயே உள்ள வெற்று டைரக்டரிக்குள் போய் உட்கார்ந்திருக்கும். ரீபூட் செய்தால் பழைய கதைதான். வட்டை லெகசி முறையில் பூட் செய்திருந்தாலும் ஃபர்ம்வேரின் பூட் பட்டியலை எழுத முடியாது. சிஸ் மரத்தின் ஃபர்ம்வேர் பகுதியில் ஈஎஃப்ஐ டைரக்டரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிஸ்க்கே சாகிறதென்றால் எஃப்எஸ்சிகே பக்கமே போகாதீர்கள், முதலில் டிடிரெஸ்க்யூவால் நகல்.

அடுத்த பராமரிப்பு நேரத்தில், உங்களிடமுள்ள ஒவ்வொரு மாடல் சர்வரையும் செக்யூர் பூட் போட்டபடியே இந்த வட்டில் எழுப்பிப் பாருங்கள். ரெய்டு கன்ட்ரோலரை அது அடையாளம் காண்கிறதா, எல்விஎம் வால்யூம்கள் தெரிகின்றனவா, லக்ஸ் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, எதையும் மாற்றாமல் வெளியே வாருங்கள். லக்ஸ் பாஸ்வேர்டை அதே சர்வரிலுள்ள ஒரு கோப்பில் எழுதிவைத்திருப்பவர்கள், அதை இன்றே வேறிடத்துக்கு மாற்றிவிடலாம்.