மன்னார்க் கடலின் எரிவாயுவும் கரையோர மக்களின் பங்கும்

எமது நாட்டில் எரிபொருள் நெருக்கடி தலைதூக்கும் போதெல்லாம் மன்னார்க் கடல் நினைவுக்கு வருகின்றது. நெருக்கடி தணிந்ததும் அது மறக்கப்பட்டு விடுகின்றது. மன்னார்ப் படுகையில் 267 பில்லியன் டொலர் பெறுமதியான எண்ணெயும் எரிவாயுவும் இருப்பதாக 2021ஆம் ஆண்டில் அப்போதைய எரிசக்தி அமைச்சர் உதய கம்மன்பில கூறியிருந்தார். அடுத்த ஆண்டிலேயே, கையிருப்பில் டொலர் இல்லாத நிலையில், வெளிநாட்டுக் கடன்களை மீளச் செலுத்த முடியாதென நாடு அறிவித்தது. மக்கள் எரிபொருள் நிலையங்களின் முன்னால் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். கடலடியில் இருப்பதாகச் சொல்லப்பட்ட பில்லியன்களால் அந்த வரிசையில் ஒருவரைக்கூட வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை.

கடலடியில் வளம் இல்லை என்று நாம் கூற வரவில்லை. மதிப்பிடப்பட்ட வளம் வேறு, கண்டறியப்பட்ட வளம் வேறு, இலாபகரமாக வெளியே கொண்டுவரக்கூடிய வளம் வேறு என்பதையே வலியுறுத்துகின்றோம். இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவது அரசியல் மேடைக்குப் பொருந்தலாம். ஒரு நாட்டின் கொள்கைக்கு அது அத்திவாரமாக முடியாது.

இத்தேடலின் வரலாறு நீண்டது. 1970களின் நடுப்பகுதியில் சோவியத் நிபுணர்களின் உதவியுடன் மன்னார் தீவின் பேசாலையில் கிணறுகள் தோண்டப்பட்டன. பாக்கு நீரிணைப் பகுதியில் 1976இலும் 1981இலும் வெளிநாட்டுக் கம்பனிகள் துளையிட்டுப் பார்த்தன. வர்த்தக ரீதியில் பயன்தரத்தக்க எதுவும் கிட்டவில்லை. அதன் பின்னர் யுத்தம் கடலையும் மூடிவிட்டது. 2001இலும் 2005இலும் நோர்வேயின் டி.ஜி.எஸ். நோபெக் நிறுவனம் மேற்கொண்ட நில அதிர்வு அளவைகளின் மூலமே மன்னார்ப் படுகை மீண்டும் கவனத்துக்கு வந்தது. 2003ஆம் ஆண்டின் பெற்றோலிய வளங்கள் சட்டத்தின் கீழ், 2008 ஜூலையில் கெய்ர்ன் இந்தியாவின் துணை நிறுவனமான கெய்ர்ன் லங்காவுடன் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. வடக்கில் யுத்தம் உச்சத்தில் இருந்த காலம் அது. மன்னார் மாவட்ட மக்களில் பெரும் பகுதியினர் இடம்பெயர்ந்து அலைந்துகொண்டிருந்தனர். தமது பெயரைத் தாங்கிய கடலைப் பற்றி எவரேனும் அவர்களிடம் கேட்டிருக்கக்கூடிய சூழல் அன்று இருக்கவில்லை.

2011ஆம் ஆண்டில் ஜப்பானின் சிக்யு என்ற துளையிடும் கப்பல் கொண்டுவரப்பட்டு மூன்று கிணறுகள் தோண்டப்பட்டன. ஒக்டோபரில் டொராடோ கிணற்றிலும் நவம்பரில் பராகுடா கிணற்றிலும் எரிவாயு கண்டறியப்பட்டது. மூன்றாவது கிணற்றில் எதுவும் இல்லை. 2013இல் தோண்டப்பட்ட நான்காவது கிணறும் வெறுமையாயிற்று. 2014இன் நடுப்பகுதியில் பீப்பாய் ஒன்றுக்கு 100 டொலருக்கு மேல் இருந்த உலக எண்ணெய் விலை அடுத்த ஜனவரியில் 50 டொலருக்குக் கீழே இறங்கியது. 2015இல் கெய்ர்ன் நிறுவனம் தொகுதியைக் கையளித்துவிட்டு வெளியேறியது. கண்டுபிடிப்பு நிகழ்ந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு கன அடி வாயுவேனும் கரைக்கு வரவில்லை.

இதற்குக் கம்பனியை மாத்திரம் குறை கூறுவது நேர்மையாகாது. டொராடோ கிணறு 1,354 மீற்றர் ஆழக் கடலில் உள்ளது. பராகுடா இருப்பது 1,509 மீற்றர் ஆழத்தில். எண்ணெயைக் கப்பலில் ஏற்றி எந்தச் சந்தைக்கும் அனுப்பலாம். எரிவாயுவின் நிலைமை அவ்வாறானதல்ல. அதற்குக் குழாய்வழி வேண்டும்; கரையில் அதை வாங்கி எரிக்க மின்னிலையம் வேண்டும்; நீண்டகால விலை உடன்பாடு வேண்டும். கெரவலப்பிட்டியில் எரிவாயுவுக்கு மாற்றத்தக்கதாக அமைக்கப்பட்ட யுகதனவி மின்னிலையம் 2010ஆம் ஆண்டு முதல் எண்ணெயிலேயே இயங்கி வந்துள்ளது. வாங்குபவர் யார், என்ன விலை என்பது தீர்மானிக்கப்படாத நாட்டில் ஆழ்கடல் வாயுவுக்கு எவரும் பெருந்தொகை முதலிட முன்வரமாட்டார்கள். மறுபுறம், 2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதென்ற இலக்கையும் எமது நாடு வகுத்துக்கொண்டது. ஆழ்கடல் வாயு கரைக்கு வரப் பல ஆண்டுகள் செல்லும். ஆகவே அதற்கான காலம் எல்லையற்றதல்ல என்பதையும் கொள்கை வகுப்போர் கணக்கிலெடுக்க வேண்டும்.

ஆயினும் இன்று நாம் முதன்மையாக எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. இக்கடலில் எங்கே, எப்போது, எந்த நிபந்தனையின் பேரில் துளையிடுவது என்பதை யார் தீர்மானிப்பது? ஆபத்தை யார் சுமப்பது? வருமானத்தில் யாருக்கு என்ன பங்கு?

சட்டத்தின் பதில் தெளிவானது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தச் சட்டம் ஆட்புலக் கடல், பிரத்தியேக பொருளாதார வலயம், கண்டமேடை ஆகியவற்றையும் எண்ணெய் வளங்களின் அபிவிருத்தியையும் ஒதுக்கிய நிரலில் சேர்த்து, மத்திய அரசாங்கத்தின் கைகளில் முழுமையாக வைத்துள்ளது. மாகாண சபைக்கு இதில் சொல்வதற்கு எதுவுமில்லை. வடக்கு மாகாண சபையோ 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, அதன் பின்னர் ஆண்டுக்கணக்கில் தேர்தலின்றி விடப்பட்டது. 2021ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பெற்றோலிய வளங்கள் சட்டம் பழைய சட்டத்தை நீக்கி, பெற்றோலிய அபிவிருத்தி அதிகார சபையை உருவாக்கியது. முதலீட்டாளரை அழைக்கும் பணியும் அவர்களை ஒழுங்குபடுத்தும் பணியும் அந்த ஒரே சபையிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன.

இந்த ஏற்பாட்டின் ஆபத்தை உலகம் ஏற்கனவே கண்டுள்ளது. 2010 ஏப்ரலில் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் துளையிடும் மேடை வெடித்து 11 பேர் உயிரிழந்தனர். 87 நாட்கள் எண்ணெய் கடலில் கொட்டியது. அக்கிணறு இருந்த ஆழம் ஏறக்குறைய 1,500 மீற்றர். அதாவது எமது பராகுடாவின் ஆழம். அமெரிக்கக் கடலில் உரிமம் வழங்கி வருமானம் திரட்டிய அதே நிறுவனமே பாதுகாப்பையும் மேற்பார்வை செய்து வந்தமை அப்போது கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அதனைத் தொடர்ந்து 2011ஆம் ஆண்டளவில் உரிமம், பாதுகாப்பு, வருமானம் ஆகிய மூன்றும் மூன்று தனி நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. வாயுக் கிணறு எண்ணெய்க் கிணற்றின் அளவுக்குக் கடலைக் கறைப்படுத்தாது என்பது உண்மையே. ஆனால் தேடலின் போது எது வெளிப்படும் என்பதை முன்கூட்டியே எவராலும் உறுதிப்படுத்த முடியாது.

எமது அனுபவமும் குறைவானதல்ல. 2020 செப்டெம்பரில் கிழக்குக் கடலில் இரண்டு இலட்சத்து 70 ஆயிரம் தொன் மசகு எண்ணெயுடன் நியூ டயமண்ட் கப்பல் தீப்பற்றியது. அதிர்ஷ்டவசமாகப் பேரழிவு தவிர்ந்தது. 2021 மே மாதத்தில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்த போது அந்த அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. கடற்றொழிலாளர் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. பிளாஸ்ரிக் துகள்கள் கரைகளை மூடின. ஒரு பில்லியன் டொலர் நட்டஈடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 ஜூலையிலேயே. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் வலையை மடித்து வைத்தவனின் அடுப்பு எவ்வாறு எரிந்திருக்கும் என்பதைச் சட்டம் கேட்பதில்லை. விபத்துக்குப் பின்னர் வழக்குத் தொடுப்பது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. துளையிடுவதற்கு முன்னரே கம்பனியிடம் வைப்புத் தொகையைப் பெற்று, பாதிக்கப்படும் கடற்றொழிலாளருக்கு வழக்கின்றி உடனடியாக வழங்கும் நிதியம் ஒன்று அமைக்கப்படுதல் வேண்டும்.

வருமானப் பங்கீடு பற்றிப் பேசினால் உடனே பிரிவினை என்ற குரல் எழுவது இங்கு வழமை. உலக நடைமுறை அவ்வாறில்லை. அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மெக்சிக்கோ வளைகுடாவின் மத்திய அரசுக்குரிய கடலில் குறிப்பிட்ட குத்தகைகளின் வருமானத்தில் 37.5 சதவீதம் நான்கு கரையோர மாநிலங்களுக்குப் பங்கிடப்படுகின்றது. நைஜீரியாவின் 1999ஆம் ஆண்டு அரசியலமைப்பு, வளம் எடுக்கப்படும் மாநிலத்துக்கு 13 சதவீதத்துக்குக் குறையாத பங்கை உறுதி செய்கின்றது. 2005ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி உடன்படிக்கை, ஆச்சேயிலும் அதனைச் சூழ்ந்த ஆட்புலக் கடலிலும் உள்ள எண்ணெய், எரிவாயு வருமானத்தில் 70 சதவீதத்தை அப்பிரதேசத்துக்கு வழங்கியது. ஆச்சேயில் அந்த ஏற்பாடு யுத்தத்தை முடித்த சமாதானத்தின் ஓர் அங்கமாக இருந்தது என்பதை எமது ஆட்சியாளர்கள் கவனிக்க வேண்டும்.

மேலும், இது தமிழ் மக்களின் கோரிக்கை மாத்திரமன்று. பெயரில் மன்னார் இருந்தாலும், வாயு கண்டறியப்பட்ட தொகுதி மன்னார் தீவைவிடக் கற்பிட்டி, புத்தளம் கரைகளுக்கே நெருக்கமானது. அக்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கடலை நம்பி வாழ்கின்றனர். பங்கு என்று வரும் போது வடக்கு மாகாணத்தைப் போலவே வடமேல் மாகாணமும் அதற்கு உரித்துடையது. இக்கோரிக்கையை இன எல்லைகளுக்கு அப்பால் எழுப்பினால் அதன் வலிமை பெருகும்.

இக்கடலின் பழைய வரலாறு ஒன்றையும் இங்கு நினைவுகூர்வது பொருத்தமானது. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் நூற்றாண்டுகளாக ஆட்சியாளரின் தனியுரிமையாகவே இருந்தன. சிலாபத்துறையில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் வருமானம் கொழும்புத் திறைசேரிக்குச் சென்றது. 1906இல் குடியேற்ற அரசாங்கம் பார்களை 20 ஆண்டுகளுக்கு லண்டன் கம்பனி ஒன்றிடம் குத்தகைக்குக் கொடுத்தது. 1907இற்குப் பின்னர் பார்கள் பல்லாண்டுகள் வெறுமையாயின. கம்பனியும் கலைக்கப்பட்டது. முத்து விளைந்த அக்கரையில் அந்த வருமானத்தால் எழுந்த நகரம் எதுவுமில்லை.

அண்மைய அனுபவமும் அதனையே சொல்கின்றது. மன்னார் தீவில் 2020 டிசெம்பரில் 100 மெகாவோட் காற்றாலைத் திட்டம் திறந்து வைக்கப்பட்டது. மேலும் காற்றாலைகள் அமைப்பதற்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக 2025இல் அத்தீவின் மக்கள் வீதியில் இறங்கினர். அவர்கள் மின்சாரத்துக்கு எதிரானவர்கள் அல்லர். தமது மண்ணில் நடப்பது தமக்கு இறுதியாகத் தெரிய வருவதையே எதிர்த்தனர். தரையில் நேர்ந்த தவறு கடலிலும் நேரக்கூடாது.

இந்தியாவுடனான எல்லை விடயமும் இருக்கின்றது. 1974, 1976ஆம் ஆண்டுகளின் கடல் எல்லை உடன்படிக்கைகளில், எல்லைக்கோட்டின் இருபுறமும் பரவிய எண்ணெய் அல்லது வாயு அமைப்பு ஒன்று கண்டறியப்பட்டால், அதனைப் பயன்படுத்தும் முறையிலும் வருமானத்தைப் பங்கிடும் முறையிலும் இரு நாடுகளும் உடன்பாட்டுக்கு வர முயல வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. அயல் நாட்டுடன் பங்கிடுவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே வழிவகை எழுதி வைத்த அரசு, தனது சொந்தக் கரையோர மக்களுடன் பங்கிடுவதற்கு ஒரு வரியேனும் எழுதி வைக்கவில்லை.

கிணற்றிலிருந்து வாயு வெளிவரத் தொடங்கிய பின்னர் பங்கு கேட்டால் எவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இன்று கையில் எதுவும் இல்லாத நிலையில் நியாயமான விதி ஒன்றை எழுதுவதால் எவருக்கும் இழப்பில்லை. அடுத்த ஒப்பந்தம் கைச்சாத்திடப்படுவதற்கு முன்னர் 2021ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட வேண்டும். பாதுகாப்பு மேற்பார்வை தனிச் சபையிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். ஒப்பந்தங்கள் மூன்று மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும். கரையோர மாகாணங்களின் பங்கு சதவீதத்தில் குறிக்கப்பட வேண்டும். கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு ஆலோசனைச் சபையில் இடம் வழங்கப்பட வேண்டும். இவற்றுக்காக எந்தக் கம்பனியினதும் வருகைக்கோ உலகச் சந்தை விலையின் ஏற்றத்துக்கோ காத்திருக்கத் தேவையில்லை. பாராளுமன்றத்தின் விருப்பம் ஒன்றே போதுமானது.