தேக்கடி ஏரியும் படகுத்துறையும்

வந்தவாசிப் பிரதேசத்தில் ஏரி என்றதும் மதகும் கலங்கலுமே ஜனங்களின் நினைவுக்கு வரும். கலங்கலில் ஒரு சாண் உயர்ந்தால் மேலே பயிர் முழுகும்; தாழ்ந்தால் கீழே ஆயக்கட்டுக் காயும். பக்கத்து உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்திலேயே, 919, 921-ம் வருஷத்துச் சாஸனங்களின்படி, ஏரி வாரியத்துக்கு அங்கத்தினர்களைக் குடவோலை மூலம் தெரிந்தெடுத்தார்கள். நீருக்குப் பொறுப்பாளி வேண்டுமென்பது நம்மவருக்குப் புதிய விஷயமன்று. உல்லாசப் படகு ஓடும் ஏரிகளில் அந்தப் பொறுப்பாளி யார் என்பதே நமது கேள்வி.

முல்லைப் பெரியாற்றை எடுத்துக்கொள்வோம். 1886-ல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தமாகி, 1895-ல் பென்னிகுயிக் துரை முடித்த அணை அது. நீர் தமிழகத்தின் பாசனத்துக்கு. மீன் பிடிக்கும் உரிமையை 1970-ல் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தோம். தேக்கடித் துறையும் படகுகளும் அவர்கள் வசமே. நீர்மட்டம் 136 அடியா, 142 அடியா என்று இரு சர்க்கார்களும் வருஷக்கணக்காக வழக்காடி, 2014 மே 7-ந் தேதி உச்ச நீதிமன்றம் 142 அடியை உறுதிசெய்தது. நமது குடியானவர்களின் ஜீவாதாரமான அந்த ஆறு அடிக்காக வாதாடியது முற்றிலும் நியாயமே. ஆனால் அதே நீரின்மேல் ஏறிச் செல்லும் மனிதனைப் பற்றி இரு தரப்பாரும் இதில் பத்தில் ஒரு பங்காவது கவலைப்பட்டதுண்டா?

2009 செப்டம்பர் 30-ந் தேதி மாலை 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு அங்கே கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். கரையில் மிருகங்களைக் காணும் ஆவலில் மேல்தட்டிலிருந்தோர் ஒரே பக்கம் திரண்டதாகச் சொல்லப்பட்டது. உயிர்காப்புச் சட்டையை அணிவிக்கும் கண்டிப்பும் அன்று இருக்கவில்லை. இவ்விபத்துக்கு நீர்மட்டம் காரணமென்று நாம் கூறவரவில்லை. சாயக்கூடிய படகை ஓடவிட்டதும், ஜனங்களைத் தடுத்து நிறுத்த ஆளில்லாததுமே நாம் காணும் குற்றம். எனினும் நீர்மட்டத்தை மறந்து படகு விதி செய்வதும் அபாயமே. காட்டை முழுக்கிப் பிறந்த ஏரி அது. பட்ட மரங்கள் இன்னும் நீரில் நிற்கின்றன. நீர் வற்ற வற்றக் கரை விலகும், வழி குறுகும், முன்பு ஆழத்திலிருந்த கட்டை படகின் அடிக்கு எட்டும். நீர் நிரம்பிய நாளின் விதி வற்றிய நாளுக்கு எப்படிப் பொருந்தும்?

அயலாரைக் குறைகூறி நாம் தப்பித்துக்கொள்ளவும் இயலாது. 2011 கிறிஸ்துமஸ் தினத்தன்று நமது பழவேற்காட்டு ஏரியில், சென்னையிலிருந்து உல்லாசமாகப் போனவர்களில் 20-க்கு மேற்பட்டோர் படகு கவிழ்ந்து இறந்தனர். மலப்புறத்துத் தானூரில் 2023 மே 7-ந் தேதி 22 உயிர்கள் போயின. மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு போன கதை அது. 1917-ம் வருஷத்துப் பழைய சட்டத்தை நீக்கி 2021-ல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்த பிறகு நடந்தது! காகிதத்திலுள்ள சட்டம் துறையில் வந்து நிற்பதில்லை.

நாம் கேட்பது பெரிய காரியமன்று. அணையில் அளக்கும் நீர்மட்டத்தை அன்றாடம் காலையில் தேக்கடித் துறையிலும் பலகையில் எழுதட்டும். இன்ன மட்டத்தில் இன்ன வழி, இத்தனை பேர் என்று அதன் கீழேயே குறிக்கட்டும். ஒரு தலைக்கு மேல் ஏறினாலும் படகை அவிழ்க்க மறுக்கும் அதிகாரம் படகோட்டிக்கு இருக்கட்டும். மறுத்ததற்காக அவன் வேலை போகாதென்று எழுத்து மூலம் உத்தரவு வேண்டும். உதகையிலும் கோடைக்கானலிலும் ஏற்காட்டிலும் இதைத் தொடங்கச் சென்னை சர்க்கார் எவர் அனுமதியையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.