விலை குறைந்த அமெரிக்கப் பள்ளி: யாருக்குக் கட்டுபடி?

துபாயிலும் ஷார்ஜாவிலும் ஒரு சரக்கு மும்முரமாக விலை போகிறது. அதன் பெயர் ‘கட்டுபடியாகும் கட்டணத்தில் அமெரிக்கக் கல்வி’. வாங்குகிறவர் யார்? எண்ணெய் முதலாளி அல்ல. அவர் பிள்ளைக்கு வேறு பள்ளி இருக்கிறது. வாங்குகிறவர் கணக்கர், ஃபோர்மன், ஆஸ்பத்திரி நர்ஸ். மில் வேலை போய், இருந்த காணியை விற்று மகனை விமானம் ஏற்றிய நம்மவர் வீட்டுப் பிள்ளையும் அவர்களில் உண்டு.

“நம் பிள்ளை பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் படிக்கிறான். இந்தச் சங்கதி நமக்கு எதற்கு?” என்று தோழர்கள் கேட்கலாம். பெற்றோரின் பாசத்தையே முதலாகப் போட்டு லாபம் எடுக்கும் கல்வி வியாபாரம் இங்கே காய்விட்டிருக்கிறது. அங்கே முற்றிப் பழுத்திருக்கிறது. பழத்தைப் பார்த்தால் மரம் இன்னதென்று தெரியும்.

எந்த மாநிலத்துச் சரக்கு?

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கா முழுமைக்கும் ஒரே பாடத்திட்டம் என்று ஒன்று கிடையவே கிடையாது! அங்கே கல்வி 50 மாநிலங்களின் பொறுப்பு. பாடத்திட்டத்தில் மத்திய சர்க்கார் கை வைக்கக் கூடாது என்று, கல்வி இலாகாவை உண்டாக்கிய 1979-ம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் 2010-ல் வெளியான பொதுத் தரத்தை 40-க்கு மேற்பட்ட மாநிலங்கள் ஏற்றன, டெக்சாஸ் மறுத்துவிட்டது, பிற்பாடு வேறு சிலவும் விலகின.

ஆகவே விற்கிறவரைக் கேளுங்கள்: எந்த மாநிலத்தின் பாடத்திட்டம்? கலிபோர்னியாவா, நியூயார்க்கா? பதில் தடுமாறினால், அமெரிக்கா பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, ‘அங்கீகாரம்’ என்கிறார்கள். இந்த அங்கீகாரம் தருவது அமெரிக்க சர்க்கார் அல்ல; 1885-ல் தோன்றிய நியூ இங்கிலாந்து சங்கம் போன்ற தனி ஸ்தாபனங்கள். ‘விண்ணப்பித்திருக்கிறோம்’ என்பது வேறு. ‘பெற்றிருக்கிறோம்’ என்பது வேறு. பெற்றதற்கும் கெடு உண்டு. சான்றிதழின் தேதியைப் பாருங்கள். துபாய் சர்க்கார் 2008 முதல் பல ஆண்டுகள் தனியார் பள்ளிகளை ஆய்வு செய்து அறிக்கைகளை வெளியிட்டிருக்கிறது. விளம்பரத் தாளை மடித்து வைத்துவிட்டு அதைப் படிப்பது மேல்.

பிறகு மொத்தக் கணக்கு. விளம்பரத்தில் நிற்பது பள்ளிக் கட்டணம் மட்டும். பஸ், சீருடை, புத்தகம், கம்ப்யூட்டர் என்று பின்னாலேயே ஒரு ஊர்வலம் வருகிறது. பள்ளி இறுதிச் சான்றிதழ் மட்டும் போதாது என்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சொல்கின்றன, ஏ.பி. என்ற மேல்நிலைத் தேர்வுகளையும் எழுத வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் தனிப் பணம்! வேலை போய்க் குடும்பத்தோடு ஊர் திரும்பினாலோ, இங்கே கல்லூரியில் சேரச் சமநிலைச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். இத்தனையும் கூட்டிப் பாருங்கள், மலிவு எங்கே?

மலிவு யார் வயிற்றில்?

“போட்டி பெருகினால் விலை குறையும், தரம் உயரும்” என்று வியாபாரத்தின் வக்கீல்கள் உபதேசிக்கிறார்கள். சாயம் போன துணியைக் கடையில் வீசி மாற்றிக்கொள்ளலாம். வீணாகிப்போன ஏழாம் வகுப்பை எந்தக் கடையில் மாற்றுவது?

முதலாளி விலையைக் குறைத்தால் தன் லாபத்திலிருந்தா குறைக்கிறார்? மில் தொழிலாளிக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் பிள்ளைகளை நெருக்குகிறார். ஆசிரியையின் சம்பளத்தை அறுக்கிறார். ஒரே பாடம் நடத்தும் இருவரில் மேலை நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு ஒரு சம்பளம், நம் ஊர் பாஸ்போர்ட்டுக்கு ஒரு சம்பளம் என்பது வளைகுடாவில் வேலை பார்த்தவர் அறிந்த சங்கதி. சங்கம் வைத்துக் கேட்கலாமா? தொழிற்சங்கத்துக்கும் வேலைநிறுத்தத்துக்கும் அந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 2019-ல் வந்த விதிப்படி, மாதம் 4,000 திர்ஹாம், அல்லது குடியிருப்புடன் 3,000 திர்ஹாம் சம்பளம் இல்லாதவர் மனைவி மக்களை அங்கே வரவழைக்க முடியாது. அந்தப் பள்ளிக்குச் சாரம் கட்டிக் கான்கிரீட் கொட்டிய தோழனின் பிள்ளை அதன் வாசலைக்கூட மிதிக்க வழியில்லை. கட்டுபடி என்கிறார்களே, யாருக்கு?

விளம்பரத்தில் இல்லாத அமெரிக்கா

அமெரிக்காவில் உழைப்பாளி மக்கள் பள்ளியை எப்படிப் பெற்றார்கள்? 1828-ல் பிலடெல்பியாவிலும் 1829-ல் நியூயார்க்கிலும் தொழிலாளர் கட்சிகள் எழுந்தன. பொதுப்பணத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி என்பது அவற்றின் முக்கியக் கோரிக்கை. பென்சில்வேனியாவில் 1834-ல் இலவசப் பள்ளிச் சட்டம் வந்தது. இன்று 5 கோடிக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள் அங்கே கட்டணமில்லாத பொதுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். தன் நாட்டில் இலவசமாகக் கிடைப்பதன் பெயரைத்தான் கடல் தாண்டி விலைக்கு விற்கிறார்கள்!

அங்கே பாலும் தேனும் ஓடுவதாக நாம் சொல்லவில்லை. வட்டாரத்துச் சொத்து வரியில் பள்ளி நடப்பதால் பணக்காரப் பேட்டைக்கு ஒரு பள்ளி, ஏழைப் பேட்டைக்கு ஒரு பள்ளி. சான் அன்டோனியோ நகரின் தகரவேலைத் தொழிலாளி டிமெட்ரியோ ரோட்ரிகஸ் இந்த அநியாயத்தை எதிர்த்து 1968-ல் மற்றப் பெற்றோருடன் வழக்காடினார். 1973-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் கைவிரித்தது. ஆனால் போராட்டம் ஓயவில்லை. 2018-ல் மேற்கு வர்ஜீனியாவின் 55 மாவட்டங்களிலும் ஆசிரியர்களும் பள்ளிச் சிப்பந்திகளும் ஒன்றாக வேலையை நிறுத்தினார்கள்; 5 சதவீதச் சம்பள உயர்வை வென்றார்கள். அமெரிக்காவிடம் நாம் படிக்க வேண்டிய பாடம் இதுதான்.

நமது கோரிக்கை

பிள்ளை முன்னேற வேண்டும் என்று துடிக்கும் பெற்றோரை நாம் குறை கூறவில்லை. வளைகுடாவில் இருக்கும் உங்கள் தம்பிக்கும் மகனுக்கும் மேலே சொன்ன கேள்விகளை எழுதி அனுப்புங்கள், ஏமாறாமல் இருக்கட்டும். ஆனால் தனித்தனியாகக் கேள்வி கேட்டு மட்டும் இந்த வியாபாரத்தை ஒழிக்க முடியாது.

கடல் கடந்து உழைத்து அந்நியச் செலாவணி அனுப்பும் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு, அவர்கள் சம்பளத்துக்கு ஏற்ற பள்ளிகளை இந்திய சர்க்கார் முன்னின்று நடத்த வேண்டும். இங்கே காலியாகக் கிடக்கும் ஆசிரியர் இடங்களை நிரப்ப வேண்டும். பிள்ளைகள் குறைவென்று சொல்லி எந்தக் கிராமத்துப் பள்ளியையும் மூடக் கூடாது. கலெக்டர் பிள்ளையும் களத்துமேட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும் பொதுப் பள்ளி வேண்டும்.

தோழர்களே! கூலி உயர்வுக்கு மனு எழுதும்போது பள்ளிக்கூடத்தையும் அதில் ஒரு கோரிக்கையாகச் சேருங்கள். சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். கல்வி கடைச் சரக்கல்ல, நம் பிள்ளைகளின் உரிமை!