அந்த 899 ரூபாய் பூட்ஸ் பற்றி



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு படம் வந்தது. ஏலகிரி மலை ஏறப் போனவர்களில் ஒருவனுடைய பூட்ஸ், அடிப்பாகம் பிரிந்து வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. கீழே எல்லோரும் சிரித்து வைத்திருக்கிறீர்கள். "விடுடா மச்சான், தூக்கிப் போட்டுட்டு 899-க்கு வேற வாங்கு" என்று ஒரு அறிவுரை வேறு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் நீளமாகத் திட்டப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எந்த ஊர்ப் பிள்ளைகள்? உங்களில் பாதிப் பேர் வீட்டில் அப்பாவோ அம்மாவோ டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ உழைத்தவர்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கப்பல் ஏறி வெளிநாட்டுக்காரன் காலுக்குப் போகிறது. நம் காலில் ரெக்சின். அந்தத் தோலுக்காக நாம் பாலாற்றையே கொடுத்தோம். டேனரிக் கழிவு பற்றிய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, எங்கள் தெருக் கிணற்றில் வாயில் வைக்க முடியாத தண்ணீர். அவ்வளவு விலை கொடுத்த பொருளைப் பாதுகாக்கத் தெரியாமல், அதன் போலியை வருடத்துக்கு ஒன்றாகக் குப்பையில் போடுகிறோம்.

"சார், நல்ல தோல் பூட்ஸ் பன்னிரண்டாயிரம் ஆகும்" என்பீர்கள். பெயருக்குக் கொடுக்கும் காசு அதில் எவ்வளவு என்று யோசித்தீர்களா? என் பூட்ஸ் 2017-ல் ஆம்பூர் நெடுஞ்சாலை ஓரக் கடையில் 2,600 ரூபாய்க்கு வாங்கியது. இரண்டு முறை அடி மாற்றினேன், 700, பிறகு 850. எட்டு வருடத்துக்கு மொத்தம் 4,150. வருடத்துக்கு ஒரு 899 என்றால் 7,192. கணக்கு வாத்தியார் சொல்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? 'ஜெனுயின் லெதர்' என்ற முத்திரையை நம்பி மயங்காதீர்கள். தோல்தான் என்று மட்டுமே அது சொல்லும், எந்த அடுக்கு என்று சொல்லாது. மேல் அடுக்குத்தான் உறுதி. அடியில் பிரித்தெடுத்த அடுக்கின்மேல் பிளாஸ்டிக் பூச்சுப் பூசியும் விற்பார்கள். நாக்கின் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நார்நாராகத் தெரிந்தால் தோல், துணி நெசவு தெரிந்தால் ரெக்சின். கட்டைவிரலால் அழுத்தினால் நல்ல தோலில் மெல்லிய சுருக்கம் விழும். பூட்ஸை வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வேண்டாம். அடிப்பாகம் தைத்ததா, வெறும் பசையா என்று கேளுங்கள். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், போடப்போகும் சாக்ஸோடு போய்ப் போட்டுப் பாருங்கள். முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது.

வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் அத்தைமார்களே, சித்தப்பாமார்களே, உங்களுக்கும் ஒன்று. பியூ என்று சொல்கிற அடிப்பாகம் காற்றிலுள்ள ஈரத்தாலேயே சில வருடங்களில் உதிரும். கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்தது கல்யாணத்தன்று பொடியாகும். போட்டு நடங்கள்.

இனிப் பராமரிப்பு. என் முதல் தோல் பூட்ஸை மழையில் நனைந்ததும் மொட்டை மாடி வெயிலில் காயவைத்தேன். இரண்டே நாளில் வெடித்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்புத் தைக்கும் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "சார், உங்க தோலை இப்படி வெயில்ல போடுவீங்களா?" என்றார். அவர் சொல்லித் தந்ததுதான் இதெல்லாம். நனைந்தால் உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். சேற்றைக் காய்ந்தபின் பிரஷ்ஷால் தட்டி, ஈரத்துணியால் துடையுங்கள். மாதம் ஒருமுறை மெழுகு பாலிஷ், கொஞ்சமாக. தேங்காய் எண்ணெயைக் கொட்டாதீர்கள், தோல் தளர்ந்து வடிவம் போய்விடும். தினமும் போடுகிறவர் இரண்டு ஜோடி வைத்து மாற்றிப் போடுங்கள். குடித்த வியர்வை காய ஒரு நாள் வேண்டும். மழைக்காலத்தில் பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிட வேலை. ஆனால் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று எனக்குத் தெரியும். செருப்பைத் தொடுவது இழிவு என்று நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. கடையில் விலைச்சீட்டில் போட்டதை வாய் பேசாமல் கொடுக்கிறவன், வெயிலில் உட்கார்ந்து ஊசி குத்துகிறவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறான்.

அந்த இழிவை ஊறவைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. "படிக்கலைன்னா செருப்புத் தைக்கத்தான் போவே" என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அந்த வேலை செய்து பள்ளிக்கு அனுப்பியவர்களின் பிள்ளைகளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் இதைப் படித்தால், இந்த வாத்தியார் மன்னிப்புக் கேட்கிறான்.

ஏலகிரி போன தம்பிக்கு: அந்த பூட்ஸ் இன்னும் இருந்தால் குப்பையில் போடாதே. பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்துப் போ. தைக்க முடியும் என்றால் தைத்துத் தருவார், முடியாதென்றால் ஏன் முடியாது என்று காட்டுவார். கேட்டுக்கொள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடு.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்